சாவிக்கொத்து

டேபிள் டென்னிஸ் மேசைக்குப் பக்கத்தில் அவர் விழுந்தபோது எட்டுப் பேர் சுற்றி நின்றோம். ஒருவர் ஹெச்ஆர், மிச்சமெல்லாம் இன்ஜினியர்கள். உடம்பு ரெண்டு தடவை வெட்டி இழுத்தது. "ஃபிட்ஸுப்பா, சாவி குடு" என்று யாரோ சொல்ல, என் பைக் சாவிக்கொத்தைத்தான் அவர் கையில் திணித்து விரல்களை மூடினேன். வாய் மட்டும் கரையில் போட்ட மீன் மாதிரி திறந்து திறந்து மூடியது. மூச்சு இருக்கு என்று நிம்மதிகூட வந்தது.

அது மூச்சு இல்லை. இதயம் நின்ற பிறகு மூளைத்தண்டு கொடுக்கும் வெற்று இழுப்பு. மூளைக்கு ரத்தம் நின்ற முதல் நொடிகளில் உடம்பு வலிப்பு போலவே வெட்டும் என்பதும் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டதுதான். அப்படிப் படிக்கப் போன இடத்தில்தான் வில்லியம் கூவன்ஹோவனைச் சந்தித்தேன். அவரும் டாக்டர் இல்லை, எலக்ட்ரிகல் இன்ஜினியர்.

1920களின் அமெரிக்காவில் மின்கம்பம் ஏறும் லைன்மேன்கள் ஷாக்கடித்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் கண்டுபிடிக்க மின் நிறுவனங்கள் பணம் கொடுத்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அந்த வேலை கூவன்ஹோவனிடம் வந்தது. கரண்ட் பாய்ந்த இதயம் பல சமயம் நிற்பதில்லை, புழுக்கூட்டம் நெளிவது போலத் தாறுமாறாக நடுங்குகிறது. இன்னொரு ஷாக் கொடுத்தால் நடுக்கம் அடங்கும். 1947இல் கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர் இப்படி ஒரு சிறுவனைப் பிழைக்க வைத்தார். ஆனால் நெஞ்சைத் திறந்து, இதயத்தின் மேலேயே தகட்டை வைத்து. இதயம் நின்றால் விலா எலும்புக்கு நடுவே கீறி, கையை உள்ளே விட்டுப் பிசைவதுதான் அன்றைய சிகிச்சை. ஆபரேஷன் தியேட்டரில் சரி, மின்கம்பத்தடியில் யார் கீறுவது?

நெஞ்சை மூடியபடியே ஷாக் கொடுக்கும் கருவியைச் செய்யத்தான் கூவன்ஹோவன் முயன்றார். 1958இல் அவருடைய மாணவர் கை நிக்கர்பாக்கர், நாய் ஒன்றின் நெஞ்சில் கனமான தகடுகளை அழுத்தி வைத்தார். கரண்ட் இன்னும் கொடுக்கவில்லை, ஆனாலும் ரத்த அழுத்த வரைபடத்தில் ஒரு மேடு. லாக் ஃபைலில் இப்படி ஒன்றைப் பார்த்திருந்தால் நான் 'நாய்ஸ்' என்று தள்ளிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். அவர் மறுபடி அழுத்திப் பார்த்தார். மறுபடியும் மேடு.

ஜேம்ஸ் ஜூட் என்ற அறுவை மருத்துவர் சேர்ந்துகொண்டார். எங்கே, எவ்வளவு ஆழம், என்ன வேகம் என்று மூவரும் தேடிப் பிடித்தார்கள். 1960 ஜூலையில் கட்டுரை வந்தது. 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்திருந்தார்கள். இது ஆஸ்பத்திரிக்குள் கிடைத்த எண். தெருவில் இந்தக் கணக்கு வராது. ஆனால் கத்தியும் வேண்டாம், கருவியும் வேண்டாம், யார் கையும் போதும் என்பது அன்றைக்குப் பெரிய செய்தி. வாயோடு வாய் வைத்து ஊதும் முறையைப் பீட்டர் சஃபார் முதலானோர் அதற்குச் சற்று முன்பே நிரூபித்திருந்தார்கள். ரெண்டும் சேர்ந்ததுதான் சிபிஆர்.

வேதனை என்னவென்றால், ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஃப்ரீட்ரிக் மாஸ் என்ற டாக்டர் 1890களின் தொடக்கத்திலேயே நெஞ்சை அழுத்தி உயிர் மீட்டு, எழுதியும் வைத்திருந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. எழுபது வருஷம் அந்தத் தாள் சும்மா கிடந்தது. அதற்குள் எத்தனை பேர்!

தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சில்லை அல்லது மீன் மாதிரி வாய் திறக்கிறது என்றால் 108ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடுங்கள். மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் இன்னொரு கை, முழங்கை மடங்கக் கூடாது. பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. விலா எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்கலாம், நிறுத்தாதீர்கள். நிஜமான வலிப்புக்கும் சாவி தேவையில்லை.

1969இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், 83 வயது கூவன்ஹோவனுக்குக் கௌரவ மருத்துவப் பட்டம் கொடுத்தது.

எங்கள் மாடிக்கு ஆம்புலன்ஸ்காரர்கள் ஏறி வந்ததும் முதலில் செய்தது அழுத்தியதுதான். அதுவரை நாங்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தோம். இரண்டு நாள் கழித்து அவர் மனைவி, ஆஸ்பத்திரியில் கொடுத்த கவரிலிருந்து கண்ணாடியையும் செல்போனையும் எடுத்துக்கொண்டு, சாவிக்கொத்தை மட்டும் எங்களிடம் நீட்டினார்.

"இது அவரோடது இல்லீங்க. யாரோடதுன்னு பாத்துக் குடுத்துடுங்க."