முன்னிருந்தவர் விட்டுச்சென்ற கடன்

இலண்டனிலோ பர்மிங்காமிலோ வாடகை வீடொன்றுக்குக் குடிபோகும் எம்மவர்களுக்கு முதல் வாரத்திலேயே முன்பின் அறியாத ஒருவரின் பெயருக்குக் கடிதங்கள் வந்து சேர்வதுண்டு. மின்சாரக் கட்டண நிலுவை, கடனட்டை நிறுவனத்தின் இறுதி அறிவித்தல், அதன்பின் கடன் அறவிடும் முகவரின் எச்சரிக்கை. முன்னிருந்தவர் கட்டாமல் போய்விட்டார்; வீட்டுச் சொந்தக்காரர் கையை விரிக்கிறார். ஒருநாள் யாராவது கதவைத் தட்டி எங்கள் தளபாடங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று கலங்குவோர் பலர்.

இன்றைய ஆங்கிலேயச் சட்டத்தில் இதற்கு விடை எளிது. கடன் ஆளுக்கு உரியது, வீட்டுக்கு உரியதன்று. வருபவரிடம் தாம் வேறு ஆள் என்பதற்கும் பொருள்கள் தம்முடையவை என்பதற்கும் சான்று காட்டினால் போதும். ஆனாலும் அந்தப் பயத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிடுவதற்கில்லை. அந்நாட்டின் சட்டம் பல நூற்றாண்டுகளாக ஏறக்குறைய இதற்கு நேர்மாறாகவே இருந்து வந்தது.

'டிஸ்ட்ரெஸ்' என்பது அந்தப் பழைய உரிமையின் பெயர். வாடகை நிலுவையில் நின்றால், நிலச் சொந்தக்காரர் நீதிமன்றப் படியேறாமலேயே குடியிருப்பாளரின் இடத்துக்குட் சென்று அங்குள்ள பொருள்களைக் கைப்பற்றலாம். நிலமானியக் காலத்தில் வேரூன்றிய வழக்கம் இது. அது அளவு மீறிப் போனதால்தான் 1267 ஆம் ஆண்டின் மார்ல்பறோ சட்டம், நெடுஞ்சாலையில் வைத்துப் பறிக்கலாகாது, பிடித்ததை வேறு மாவட்டத்துக்குக் கொண்டுசெல்லலாகாது என்றெல்லாம் விதித்தது. அக்காலத்தில் கைப்பற்றிய பொருள் வெறும் பிணை மாத்திரமே. வாடகை வரும்வரை வைத்திருக்கலாம், விற்க முடியாது. அதையும் 1689 ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றிவிட்டது. ஐந்து நாள்களுக்குள் மீட்காவிட்டால் மதிப்பிட்டு விற்கலாம் என்றாயிற்று. ஐந்தே நாள்கள்!

இதில் கொடுமையான பகுதி, பொருள் யாருடையது என்று பொதுவாகக் கேட்கப்படாமையே. வீட்டினுள் இருந்தது என்பதே போதுமான காரணமாயிற்று. ஒரு முழு வீட்டை ஒருவர் வாடகைக்கு எடுத்து, அதன் அறைகளைப் பிறருக்கு விட்டுப் பிழைப்பது இலண்டனில் சர்வசாதாரணம். அவர் தமக்கு வந்த அறை வாடகையைச் செலவழித்துவிட்டு, சொந்தக்காரருக்குக் கட்டாமல் ஓரிரவில் மறைந்துவிட்டால், எஞ்சியிருப்பவர்கள் அறைவாசிகள்தாம். வாரந்தோறும் ஒழுங்காக வாடகை கொடுத்து வந்தவர்களின் மேசையும் அலுமாரியும் ஓடிப்போனவரின் கடனுக்காக ஏலம் போயின.

விலக்குகள் இல்லாமல் இல்லை. தையற்காரரிடம் தைக்கக் கொடுத்த துணி, கொல்லரிடம் இலாடம் அடிக்க விட்ட குதிரை, சத்திரத்தில் தங்கியவரின் பெட்டி ஆகியவற்றைத் தொடலாகாது. வியாபாரம் கெடும் என்றவுடன் கண் திறந்த சட்டத்துக்கு, அறைவாசியின் அலுமாரியைக் காண 1871 ஆம் ஆண்டுவரை காலம் பிடித்தது. அவ்வாண்டு வந்த அறைவாசிகள் பொருட் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருள் தம்முடையது என்று அவர் எழுத்தில் அறிவித்து, தாம் செலுத்தவேண்டிய வாடகை ஏதும் இருப்பின் அதை நேரே மேல் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டால் தப்பலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ன செய்வது என்பது வேறு கதை. கடனாளியின் படுக்கையும் உடுபுடவையும், ஐந்து பவுண் பெறுமதிவரையான தொழிற் கருவிகளும் 1888 இல்தான் காப்புப் பெற்றன.

பறிமுதலைச் சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையில்தான் செய்யலாம் என்பது விதி. ஆகவே கடனாளிகள் இரவில் கைவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு நழுவினார்கள். 'நிலவொளி ஓட்டம்' என்று பொருள்படும் பெயரே ஆங்கிலத்தில் இதற்கு நிலைத்துவிட்டது. 1919 இல் மேரி லாயிட் பாடிப் புகழ்பெற்ற நகைச்சுவைப் பாடலொன்றின் கருவும் இதுவே. அரங்கில் சிரித்தவர்களுள் எத்தனை பேர் தாமே அவ்வாறு ஓடியவர்களோ!

நாடாளுமன்றம் சிரிக்கவில்லை. இரவோடிரவாகக் கடத்திய பொருளைத் துரத்திப் பிடிக்க 1709 ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து நாள்கள் கொடுத்தது. 1737 ஆம் ஆண்டுச் சட்டம் அதை முப்பது நாள்களாக்கியது. ஓடியவர் மட்டுமன்றி, தெரிந்தே வண்டி தள்ளிக் கொடுத்தவரும் பொருளின் பெறுமதியைப் போல இருமடங்கு தண்டம் இறுக்கவேண்டும். வெறுமையாய்க் கிடக்கும் வீட்டுக்கும் அதே சட்டம் வழி சொன்னது. இரு நீதவான்கள் நேரில் வந்து பார்த்து, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் அறிவித்தல் ஒட்டிவிட்டு, குறைந்தது பதினான்கு நாள்கள் கழித்து மீண்டும் வருவார்கள். அப்போதும் ஆளோ வாடகையோ இல்லையெனில் வீடு சொந்தக்காரர் கைக்கு மீளும். ஓடிப்போனவரைத் தேடிக்கொண்டிருந்தால் வீடு பாழாகும் என்ற சொந்தக்காரரின் நியாயமும் இதில் உண்டு, அதை மறுப்பதற்கில்லை.

இலங்கையர்களாகிய எமக்கும் இதன் சாயல் புதிதன்று. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற றோமன் டச்சுச் சட்டத்திலும், குடியிருப்பாளர் வீட்டுக்குட் கொண்டுவந்த அசையும் பொருள்கள் எழுத்தேதும் இன்றியே வாடகைக்கு ஈடாக நிற்கும் என்ற கோட்பாடு உண்டு. ஆனால் அதைச் செயற்படுத்த நீதிமன்றத்தை நாடவேண்டும் என்பது பெரிய வேறுபாடு. கொழும்பில் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர்கள் பலர் சேர்ந்து சமறியாக இருந்த காலத்தில், வாடகைப் பற்றுச்சீட்டு எவர் பெயரில் இருந்ததோ அவருடைய நேர்மையில்தான் மற்றவர்களின் நிம்மதியும் தங்கியிருந்தது.

இங்கிலாந்தில் பழைய உரிமை மெல்ல மெல்லவே தேய்ந்தது. 1908 ஆம் ஆண்டுச் சட்டம் கீழ்க்குடியிருப்பாளருக்கும் பிறருக்கும் காப்பை விரித்தது. 1920 இல், வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடுகளில் நீதிமன்ற அனுமதியின்றிப் பறிமுதல் கூடாது என்றாயிற்று. 2007 இல் நிறைவேறிய சட்டம் நடைமுறைக்கு வந்த 2014 ஏப்ரல் 6 ஆம் திகதியன்றே அந்த உரிமை முற்றாக ஒழிந்தது. வர்த்தகக் கட்டடங்களுக்கு மட்டும் வேறொரு அறவீட்டு முறை வகுக்கப்பட்டது.

ஆயினும் வீட்டோடு ஒட்டிய கடன் வேறு வடிவங்களில் தலைகாட்டத்தான் செய்தது. கணினிகள் வந்தபின், கடன் விண்ணப்பம் செய்பவரின் முகவரியைத் தட்டினால், அங்கு முன்னர் வாழ்ந்த அந்நியர்களின் கடன் தவறல்களும் சேர்ந்து வரும்படி கடன் தகவல் நிறுவனங்கள் பதிவேடுகளை அமைத்திருந்தன. முன்னிருந்தவர் கட்டாததற்காகப் பின்வந்தவருக்குக் கடன் மறுக்கப்பட்டது. தரவுப் பாதுகாப்புப் பதிவாளர் இதை எதிர்த்தார். 1990 களின் தொடக்கத்தில் தரவுப் பாதுகாப்புத் தீர்ப்பாயம், பெயரைப் பாராது முகவரியை மட்டும் கொண்டு தகவல் எடுப்பது நியாயமற்றது என்று தீர்த்தது. குறித்த முகவரியே 'கறுப்புப் பட்டியலில்' இருப்பதாக இன்றும் நம்புவோர் உளர். அப்படியொரு பட்டியல் இல்லை.

இன்னமும் கவனிக்கவேண்டியது முற்கொடுப்பனவு மின்மானி. முன்னிருந்தவரின் நிலுவையைத் தவணை தவணையாக அறவிடும்படி அது அமைக்கப்பட்டிருந்தால், புதியவர் இடும் பணத்திலிருந்தும் வெட்டிக்கொண்டே இருக்கும். மானிக்கு ஆள் மாறியது தெரியாது. குடிபுகும் நாளிலேயே மானி வாசிப்பைக் குறித்து, படமும் எடுத்து, மின்சார நிறுவனத்துக்கு அறிவித்துத் தம் பெயரில் கணக்கைத் திறந்துகொள்ளவேண்டும். அதுவரை பழைய திறப்பையோ அட்டையையோ பயன்படுத்தாதிருப்பது நல்லது.