ஒளிர்வது எது? உயிருள்ள செல்லில் கார்பன் புள்ளிகளும் தூய்மைச் சோதனையும்

மட்டி வாழைப்பழச் சாற்றையோ தேங்காய்த் தண்ணீரையோ டெஃப்லான் உறை கொண்ட ஆட்டோகிளேவில் ஊற்றி, 180 டிகிரி செல்சியசில் சில மணி நேரம் வைத்தால் பழுப்பு நிற நீர்மம் கிடைக்கும். புற ஊதா விளக்கின் கீழ் அது நீலமாக ஒளிரும். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள ஒரு கல்லூரி ஆய்வகம் எளிதாகச் செய்துவிடக்கூடிய வேலை இது. கடினமான வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. அந்த ஒளி நானோ துகளிலிருந்து வருகிறதா, செல்லுக்குள் அது காட்டுவது நாம் தேடும் மூலக்கூறைத்தானா என்ற இரு கேள்விகளுக்கும் விடை சொல்லாமல் 'செல் படமாக்கம்' என்று தலைப்பிடுவது தகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த நானோ துகள்களான கார்பன் புள்ளிகள் அறியப்பட்டதே ஒரு தூய்மைப் பணியின்போதுதான். 2004-இல் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் கார்பன் நானோ குழாய்களை மின்புலத்தால் பிரித்துக்கொண்டிருந்தவர்கள், கசடாகத் தனித்து நின்ற பட்டைகள் ஒளிர்வதைக் கண்டார்கள். 2006-இல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் யா-பிங் சுன் குழு அவற்றுக்கு இன்றைய பெயரை இட்டது. 2023-இல் நோபல் பரிசு பெற்ற குவாண்டம் புள்ளிகளில் பெரிதும் பயன்பட்டது நச்சுத்தன்மையுள்ள காட்மியம். கார்பனில் அந்த அச்சம் குறைவு. அதனால்தான் உயிரியலாளர்கள் இதை நாடினார்கள். தமிழ் வேதியியலாளர்களுக்கும் இதில் நல்ல பங்குண்டு. 2016-இல் காந்திகிராமத்தின் எம்.ஜி. சேதுராமன் தென்கொரியாவின் யோங்னாம் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, மைக்ரோவேவில் ஆக்கிய நைட்ரஜன் கலந்த புள்ளிகளைச் செல் படமாக்கத்துக்குக் கொண்டுவந்தார். ராஜி அச்சுதனும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் அரைநெல்லியிலிருந்து அத்தகைய புள்ளிகளை எடுத்தார்கள். இவற்றைத் தொடர்ந்து இலை, பழம், தோல் என்று மூலப்பொருளை மட்டும் மாற்றிய கட்டுரைகள் பெருகின. இன்னொரு தாவரத்தின் பெயரைச் சேர்ப்பதால் அறிவு கூடுவதில்லை.

முதல் கேள்விக்கு வருவோம். கார்பன் புள்ளிகளை ஆக்குவதற்காகச் சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன்டைஅமீனையும் சூடாக்கும்போது துகள்களோடு சிறிய கரிமச் சேர்மங்களும் உருவாகின்றன. அவற்றில் ஒன்று தன்னளவிலேயே கடும் நீலத்தில் ஒளிரும். பல ஆண்டுகள் அந்த ஒளி துகளின் கணக்கில் எழுதப்பட்டது. 2018-இல் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கேரி பேக்கர் குழு, முறையாகக் கூழ்மப்பிரிப்பு (டயாலிசிஸ்) செய்யாத மாதிரிகளில் இத்தகைய ஒளிரும் மாசுகள் எவ்வளவு பரவலாக முடிவுகளைத் திரிக்கின்றன என்று விரிவாகக் காட்டியது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலை அள்ளியவுடன் யாரும் மோனசைட் என்று விற்பதில்லை. காந்தத்தாலும் மின்புலத்தாலும் இல்மனைட்டையும் ரூட்டைலையும் சிர்க்கானையும் பிரித்த பிறகே ஒவ்வொன்றுக்கும் பெயர். ஆட்டோகிளேவ் நீர்மத்துக்கும் அந்த மரியாதை வேண்டும்.

இதற்கு நம் அறிவியல் வரலாற்றிலேயே மேலான முன்மாதிரி உண்டு. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் திருவனந்தபுரம் கல்லூரியில் பணியாற்றிய கே.ஆர். ராமநாதன், 1923-இல் கல்கத்தாவில் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்கையில், நீரில் சிதறிய ஒளியோடு மங்கலான இன்னோர் ஒளியையும் கண்டார். மாசினால் வந்த உடனொளிர்வு என்பதே முதல் ஐயம். நீரைத் திரும்பத் திரும்ப வடித்துத் தூய்மையாக்கினார்கள்; ஒளி மறையவில்லை. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் 1925-இல் வேறு பல நீர்மங்களிலும் அதைக் கண்டார். 1928 பிப்ரவரி 28 அன்று வெளிப்பட்ட ராமன் விளைவு, தூய்மையாக்கியும் மறையாத அந்த ஒளிதான்.

செல்லுக்குள் சிக்கல் இன்னும் கூடுகிறது. செல்லில் உள்ள என்ஏடிஎச், ஃபிளேவின் ஆகியவை தாமாகவே நீலத்திலும் பச்சையிலும் ஒளிர்கின்றன. பெரும்பாலான கார்பன் புள்ளிகளின் ஒளியும் அங்கேதான். துகளைச் செல் விழுங்கினால், அது பெரும்பாலும் லைசோசோமில் சிக்கிக்கொள்கிறது. 'இரும்பு(III) அயனியைக் கண்டறிதல்' என்ற வழக்கமான முழக்கத்தை எடுத்துக்கொள்வோம். அந்த அயனி புற ஊதாவைத் தானே உறிஞ்சும். துகளுக்குச் சேரவேண்டிய தூண்டும் ஒளியை இடையில் தடுத்தாலே ஒளிர்வு குறைந்துவிடும். நடுநிலை நீரில் அது ஹைட்ராக்சைடாக வீழ்படியும். சைட்டோசாலில் தளர்வாகக் கிடைக்கும் இரும்பு பெரும்பாலும் இரும்பு(II) நிலையில் இருக்கிறது. வெளியிலிருந்து இரும்பு உப்பை ஊற்றி ஒளி மங்குவதைக் காட்டினால், செல்லின் இரும்பைப் பார்த்ததாக ஆகாது.

மூலக்கூறைப் பார்ப்பது எப்படி என்பதற்குக் கார்பனிலேயே சான்று இருக்கிறது. ஒற்றைச் சுவர் நானோ குழாய்கள் அண்மை அகச்சிவப்பில் ஒளிர்வதை 2002-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். செல்லின் தன்னொளிர்வு அங்கே மிகக் குறைவு. அக்குழாயில் குறிப்பிட்ட டிஎன்ஏ இழையைச் சுற்றினால் டோபமின் அணுகும்போது ஒளி கூடும். 2019-இல் பெர்க்லியின் மார்கிடா லாண்ட்ரி குழு இம்முறையில் மூளைத் திசுச் சீவல்களில் டோபமின் வெளிப்படுவதைப் படமெடுத்தது. டோபமின் ஏற்பியைத் தடுக்கும் மருந்துகள் இருக்கும்போதும் உணரி வேலை செய்கிறதா என்றும் அவர்கள் சோதித்தார்கள். என்னைக் கவர்ந்தது, படத்தின் அழகைவிட இந்தச் சோதனையின் நேர்மையே.

அண்மை அகச்சிவப்புக் கேமராவின் விலை நம் கல்லூரிகளுக்கு எட்டாது. கூழ்மப்பிரிப்புப் பையும் சிலிக்கா நிரலும் எட்டும். நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் திருவனந்தபுரத்தின் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. செல் சோதனைக்கு அத்தகைய நிறுவனங்களோடு கூட்டு வைக்கலாம். நெறியாளர்களுக்கும் இதழாசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: பைக்குள் எஞ்சியதும் வெளியே கசிந்ததும் தனித்தனியே எவ்வளவு ஒளிர்கின்றன என்ற அளவீடும், துகள் சேர்க்காத செல்லின் படமும் இல்லாத எந்த ஆய்வேட்டையும் ஏற்காதீர்கள்.