காடியில் ஓடிய கார்கள்: இங்கிலாந்துத் தொழில் நகரங்களின் ஸ்லாட் கார்ப் பந்தயக் கழகங்களும் நினைவு வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

ஸ்லாட் கார்ப் பந்தயத்தின் வரலாறு பெரும்பாலும் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்னும் வணிகப் பொருளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கழகச் செயல்பாடு அப்பொருளுக்கு முற்பட்டது என்பதையும், அதன் தொழில்நுட்பம் பொறியியல் உழைப்பாளரின் கைத்திறனோடு பிணைந்திருந்தது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அத்திறன் ஆவணங்களில் இடம்பெறாமைக்கான காரணத்தையும், நினைவுகளைச் சான்றாகக் கொள்வதில் உள்ள சிக்கல்களையும் வுல்வர்ஹாம்ப்டன் நகரை முன்வைத்து ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஸ்லாட் கார், தொழிலாளர் பொழுதுபோக்கு, வாய்மொழி வரலாறு, நினைவு, வுல்வர்ஹாம்ப்டன்.

முன்னுரை

ஸ்லாட் கார் என்பது பலகையிலோ நெகிழித் தடத்திலோ வெட்டப்பட்ட காடியைப் பற்றிக்கொண்டு மின்விசையால் ஓடும் சிறு கார். தச்சர் பலகையில் இழைக்கும் காடியைப் போன்றே இதுவும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலமுடையது. காரின் முன்புறத்திலுள்ள வழிகாட்டி முனை காடிக்குள் இறங்கியிருக்கும். காடியின் இருபுறமும் ஓடும் உலோகப் பட்டைகளிலிருந்து கார் 12 வோல்ட் அளவிலான நேர்மின்னோட்டத்தைப் பெறும். ஓட்டுநர் தம் கையிலுள்ள மாறு மின்தடைக் கருவியால் வேகத்தை மட்டுமே கட்டுப்படுத்துகிறார். திசையைக் காடி பார்த்துக்கொள்கிறது. வளைவில் வேகம் மிகுந்தால் முனை காடியை விட்டுத் தெறித்துக் கார் வெளியே விழும். பந்தயத்தின் முழு நுட்பமும் அந்த எல்லைக்கு எவ்வளவு அருகில் செல்வது என்பதில் அடங்கியுள்ளது.

இதனைச் சிறுவர் விளையாட்டு என ஒதுக்கிவிடுவது எளிது. தொழிலாளர் வரலாறு நெடுங்காலம் அவ்வாறே செய்தது. தொழிற்சங்கம், வேலைநிறுத்தம், கூலி ஆகியவற்றை ஆராய்ந்த அளவுக்கு, ஆலைச் சங்கு ஒலித்தபின் தொழிலாளர் என்ன செய்தனர் என்பதை அது ஆராயவில்லை. ராஸ் மெக்கிபின் 1983-இல் வெளியிட்ட, பிரிட்டனின் வேலையும் பொழுதுபோக்கும் குறித்த கட்டுரை இவ்விடைவெளியைச் சுட்டிய முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று. ஆயினும் அவரது ஆய்வுக்காலம் 1950-இல் நின்றுவிடுகிறது. ஸ்லாட் கார்க் கழகங்களின் கதை ஏறத்தாழ அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பொருளுக்கு முந்திய கழகம்

வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு இது: கருவி செய்பவரான ஃபிரெட் பிரான்சிஸ் 1947-இல் மினிமாடல்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார், 1952-இல் ஸ்கேலெக்ஸ் என்ற பெயரில் விற்சுருள் விசையால் இயங்கும் தகரக் கார்களை விற்றார், அவற்றில் மின்மோட்டாரைப் பொருத்தி 1957-இல் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என அறிமுகப்படுத்தினார். தேவைக்கு ஈடுகொடுக்க இயலாத நிலையில் மறு ஆண்டே நிறுவனம் லைன்ஸ் பிரதர்ஸ் கைக்கு மாறியது. இச்செய்திகள் அனைத்தும் உண்மையே. ஆனால் இவற்றை மட்டும் அடுக்கினால், ஒருவர் கண்டுபிடித்தார், நாடு வாங்கியது என்ற தோற்றம் உருவாகிறது.

மின்விசைக் காரைத் தடத்தில் ஓட்டும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1912-இலேயே அத்தகைய பொம்மையை விற்று, சில ஆண்டுகளில் கைவிட்டது. இங்கிலாந்தில் இரண்டாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் மாதிரிக் கார் ஆர்வலர்கள் கம்பியில் கட்டிய காரை ஒரு நடுத்தூணைச் சுற்றி ஓடவிட்டனர். எரிபொருள் எஞ்சினால் இயங்கிய அக்காரின் வேகம் வியப்பூட்டுவது. ஆனால் ஓடத் தொடங்கியபின் உரிமையாளர் பார்வையாளராகிவிடுவார். ஒருவரோடொருவர் முட்டி மோதும் பந்தயம் அதில் இல்லை. இக்குறையை நீக்கியவர்கள் 1950-களின் நடுப்பகுதியில் லங்காஷயரின் சவுத்போர்ட்டில் செயல்பட்ட மாதிரிப் பொறியியல் கழகத்தார். ரயில் மாதிரிகளுக்கான சிறு மோட்டார்களைக் காரில் பொருத்தி, ஒவ்வோர் ஓடுபாதையின் நடுவிலும் உயர்ந்த தண்டவாளம் ஒன்றை அமைத்து, ஆறு பாதைகள் கொண்ட தடத்தில் பந்தயம் நடத்தினர். பின்னர் கழகங்கள் கண்ணை உறுத்திய தண்டவாளத்தை நீக்கிக் காடியை ஏற்றன. ஆர்வலர் இதழ்கள் வழியே இம்முறை பிற நகரங்களுக்குப் பரவியது.

பிரான்சிஸின் பங்களிப்பைக் குறைத்து மதிப்பிடுவது இங்கு நோக்கமன்று. அவரும் பட்டறையில் உருவானவரே. ஆனால் கழகத்தாரின் செயல்பாட்டை வணிகப் பொருளின் விளைவாகக் காட்டும் எழுத்து காலவரிசையையே தலைகீழாக்குகிறது.

தடமும் கைத்திறனும்

இங்கிலாந்தின் நடுநிலப் பகுதியிலுள்ள வுல்வர்ஹாம்ப்டன் இக்கழகங்கள் வேரூன்றிய நகரங்களுள் ஒன்று. அந்நகரின் தொழில் வரலாற்றைப் பார்த்தால் அதில் வியப்பில்லை. சன்பீம் கார்கள் இங்குதான் உருவாயின. 1926 மார்ச்சில் ஹென்றி செக்ரேவ் சவுத்போர்ட் கடற்கரையில் மணிக்கு 152.33 மைல் வேகத்தை எட்டியதும், மறு ஆண்டு டேடோனாவில் 200 மைல் வேகத்தைக் கடந்த முதல் மனிதரானதும் இந்நகரில் செய்யப்பட்ட கார்களிலேதான். ஏ.ஜே.எஸ். மோட்டார் சைக்கிள், வில்லியர்ஸ் எஞ்சின், கை நிறுவனத்தின் பேருந்து, குட்இயர் டயர் என நகரின் பெரும் ஆலைகள் சக்கரத்தைச் சுற்றியே அமைந்திருந்தன. முழு அளவுக் காரின் உறுப்புகளைப் பகலில் செய்தவர் வாழ்ந்த நகரில், 32-இல் ஒரு பங்கு அளவுள்ள காரை மாலையில் செய்தனர்.

கழகத் தடம் கடையில் வாங்கிய நெகிழித் துண்டுகளால் ஆனதன்று. பலகைகளை இணைத்து, காடி எடுக்கும் கருவியால் சீரான ஆழத்தில் வெட்டி, இருபுறமும் செம்பு நாடா ஒட்டி, அடியில் மின்கம்பிகளை இணைப்பர். வெளிவளைவுப் பாதை நீளமானது, உள்வளைவுப் பாதை குறுகலானது என்பதால் ஒவ்வொருவரும் எல்லாப் பாதைகளிலும் ஒருமுறை ஓட்டும் சுற்றுமுறை பின்பற்றப்பட்டது. அச்சுற்றில் ஓட்டாதவர் வளைவருகே மார்ஷலாக நின்று, தெறித்து விழும் காரை எடுத்துக் காடியில் வைக்கவேண்டும். தம் போட்டியாளரின் காரைத் தாமே எடுத்துவைக்கும் இக்கடமை, கழகத்தின் நல்லொழுக்கத்திற்கான அன்றாடச் சோதனை. சற்றே தாமதித்தால் எதிரி ஒரு சுற்றை இழப்பார். அறை முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். கழக உறவின் இயல்பை அறிய விரும்பும் ஆய்வாளருக்கு வெற்றிக்கோப்பைப் பட்டியலைவிட இம்மார்ஷல் முறையே அதிகம் சொல்லும் என்று கருதுகிறேன்.

காரைச் செய்வதில் புலப்படும் திறன் மேலும் நுண்ணியது. பித்தளைத் தகட்டையும் எஃகுக் கம்பியையும் ஈயப்பற்றால் இணைத்து அடிச்சட்டம் அமைப்பர். மோட்டாரின் ஆர்மேச்சரில் உள்ள கம்பியை அவிழ்த்து, பருத்த கம்பியைக் குறைந்த சுற்றுகளில் சுற்றினால் வேகம் கூடும், வெப்பமும் கூடும். எத்தனை சுற்று என்பதே ஒவ்வொருவரும் காத்த இரகசியம். டயரைச் சுழலவிட்டு உரசி வட்டம் பிசகாமல் தேய்ப்பது, பற்சக்கரங்களுக்கு இடையேயுள்ள இடைவெளியைக் காதால் கேட்டே திருத்துவது ஆகியவையும் இதிலடங்கும். இவற்றுள் எதுவும் பொம்மைப் பெட்டிக்குள் வைத்திருந்த குறிப்புத்தாளில் இல்லை. லேத் இயந்திரத்தின் முன் பழகிய கைக்கு இவை புதியனவும் அல்ல.

‘அயலார்’ வேலையும் ஆவணத்தின் மௌனமும்

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. அச்சுத்தண்டைக் கடையவும் பற்சக்கரத்தைத் துளையிடவும் வேண்டிய துல்லியக் கருவிகள் ஒரு தொழிலாளியின் வீட்டில் இருப்பது அரிது. அவை ஆலையில் இருந்தன. இங்கிலாந்தின் ஆலை வழக்கில் ‘ஃபாரினர்’, அதாவது அயலார், என்றொரு சொல் உண்டு. நிறுவனத்தின் இயந்திரத்தில், நிறுவனத்தின் கழிவுப் பொருளைக்கொண்டு, பெரும்பாலும் நிறுவனத்தின் நேரத்தில் தனக்கென ஒருவர் செய்துகொள்ளும் பொருளுக்கு அப்பெயர். பிரெஞ்சு ஆலைகளில் இதற்குப் ‘பெருக்’, அதாவது பொய்முடி, என்று பெயர். மிஷேல் தெ செர்த்தோ அன்றாட வாழ்வின் நடைமுறைகள் பற்றிய தம் நூலில் இதனை, ஆளப்படுவோர் ஆள்வோரின் களத்துக்குள்ளேயே தமக்கென ஓர் இடத்தை உண்டாக்கிக்கொள்ளும் தந்திரமாக விளக்கினார். ஹங்கேரிய எழுத்தாளர் மிக்லோஷ் ஹராஸ்தி, புடாபெஸ்ட் டிராக்டர் ஆலையில் தாம் துண்டுக்கூலிக்கு உழைத்த அனுபவத்தை எழுதியபோது, தொழிலாளி முழுமனத்தோடு செய்யும் ஒரே வேலை இதுவே என்ற முடிவுக்கு வந்தார். இலக்கு எண்ணிக்கையின் நெருக்கடியால் தான் செய்யும் பொருளையே வெறுக்கும் ஒருவர், யாரும் கேட்காத ஒரு சாவிக்கொத்தைச் செய்வதில் தன் திறனை மீட்டெடுக்கிறார் என்பது அவர் கண்டது.

ஸ்லாட் காரின் அச்சுத்தண்டு ஃபாரினருக்கு மிகப் பொருத்தமான பொருள். சட்டைப்பையில் அடங்கும்; கழிவுத் துண்டே போதும்; சில நிமிடங்களில் முடியும். அது ஆலை ஆவணத்தில் பதிவாகியிருக்க வாய்ப்பில்லை. பதிவாகியிருந்தால் அது ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பாகத்தான் இருக்கும். நிறுவன ஆவணத்தை மட்டுமே நம்பும் வரலாறு இத்திறனை ஒன்று காணாது, அல்லது களவாகக் காணும். மேற்பார்வையாளர் கண்டும் காணாதிருந்த பரந்த நடுப்பரப்பை மிஷெல் ஆன்டெபி ஒரு பிரெஞ்சு வானூர்தித் தொழிற்சாலையை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். அத்தகைய நடுப்பரப்பு நினைவில் மட்டுமே தங்குகிறது. ‘வேலையிடத்தில் செய்துகொண்டோம்’ என்று ஒரு முதியவர் புன்முறுவலோடு கடந்து செல்லும் வாக்கியம், ஆய்வாளர் நின்று கேட்கவேண்டிய வாக்கியம்.

நினைவின் காலப்பிழை

நினைவை நாடும்போது வேறொரு சிக்கல் எதிர்ப்படுகிறது. இத்தாலியின் எஃகு நகரமான தெர்னியில் 1949-இல் காவல்துறையினரால் கொல்லப்பட்ட லூயிஜி திரஸ்துல்லியின் மரணத்தைப் பலர் 1953-ஆம் ஆண்டு ஆட்குறைப்புப் போராட்டத்தில் நிகழ்ந்ததாகவே நினைவுகூர்ந்ததை அலெசாந்திரோ போர்த்தெல்லி ஆராய்ந்தார். அப்பிழை மறதியன்று, நகரம் தன் இழப்புக்குப் பொருள் தேடியதன் விளைவு என்பது அவர் வாதம்.

ஸ்லாட் கார் நினைவுகளைப் படிப்போரும் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். பந்தய மோகம் 1960-களின் நடுவில் உச்சத்தைத் தொட்டு, அப்பதிற்றாண்டின் இறுதியிலேயே தணிந்தது. வுல்வர்ஹாம்ப்டன் வட்டாரத்தின் பெரும் ஆலை மூடல்கள் அதற்குப் பின்னரே நிகழ்ந்தன: 1970-களின் நடுவில் வில்லியர்ஸ் நெருக்கடி, 1979-இல் பில்ஸ்டன் எஃகாலை, 1982-இல் கை நிறுவனம். இவ்விரு முடிவுகளும் ஒரே இழப்பாக ஒன்றிப்போவதற்கான வாய்ப்பு மிகுதி. ‘ஆலையோடு கழகமும் போயிற்று’ என்னும் கூற்று காலவரிசைப்படி பிழையாக இருக்கலாம். தன் கைத்திறனுக்கு இடமில்லாமற் போனதைச் சொல்லும் கூற்றாக அது பிழையன்று.

உண்மையில் கழகங்கள் முற்றாக மறையவுமில்லை. அமெரிக்காவில் மணிக்கணக்கில் வாடகை பெற்று இயங்கிய வணிகப் பந்தயக்கூடங்கள் ஆயிரக்கணக்கில் தோன்றி, மோகம் தணிந்ததும் பெருமளவில் மூடப்பட்டன. இங்கிலாந்தின் சிறு கழகங்களோ சந்தாவிலும் உறுப்பினர் உழைப்பிலும் நின்றதால், ஆள் குறைந்தும் பல தாக்குப்பிடித்தன. தேவாலயக் கூடமோ மதுக்கடை மாடியோ கிடைத்தால் போதும் என்ற எளிமையே அவற்றின் வலிமை. ஓர் இடத்தை இழந்தால் தடத்தையே அறுத்தெறிய நேரும் என்பது அவற்றின் வலுவின்மை.

பெட்டிக்குள் இருக்கும் கார்

கழக நினைவுகள் பெரும்பாலும் ஆண்களின் நினைவுகள். பொம்மை ஆலைகளில் உறுப்புகளைப் பொருத்தி, வண்ணம் தீட்டிய பெண் தொழிலாளரின் குரல் அவற்றில் கேட்பதில்லை. மெக்கானோ நிறுவனத்தின் லிவர்பூல் பின்ஸ் சாலை ஆலை 1979 நவம்பரில் திடீரென மூடப்பட்டபோது தொழிலாளர் ஆலையைக் கைப்பற்றி உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினர். அங்கு உழைத்தோரில் பெண்கள் பெருந்தொகையினர். பொம்மையை நினைவுகூரும் நூல்கள் இம்மூடலை ஒரு வணிகச் சின்னத்தின் துயரமாகச் சொல்லும் அளவுக்கு, வேலையிழந்தோரின் துயரமாகச் சொல்வதில்லை. ரஃபேல் சாமுவேல் 1994-இல் மக்களின் பழம்பொருள் ஆர்வத்தையும் வரலாற்றறிவின் ஒரு வடிவமாக ஏற்கவேண்டும் என்று வாதிட்டது பொருத்தமே. ஆனால் அவ்வார்வத்தைச் சந்தை எவ்வாறு வடிகட்டுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

சேகரிப்போர் சந்தையில் ஒரு பழைய ஸ்கேலெக்ஸ்ட்ரிக் காரின் மதிப்பை அதன் பட்டியல் எண், நிறம், சேதமுறாத பெட்டி ஆகியவை தீர்மானிக்கின்றன. ஓட்டப்படாத கார் விலை மிக்கது. கழகத்தில் ஓடிய காரில் மேற்கூட்டின் உட்புறம் எடையைக் குறைப்பதற்காகச் சுரண்டப்பட்டிருக்கும். ஆர்மேச்சர் மறுசுற்றுச் சுற்றப்பட்டிருக்கும். அச்சுத்தண்டு தொழிற்சாலையில் பொருத்தியதாக இராது. விற்பனைப் பட்டியலில் இம்மூன்றும் குறைகளாகக் குறிக்கப்பட்டு விலை குறைக்கப்படும்.