முகமூடியும் கந்தைப் போர்வையும்: புலம்பெயர் ஆப்பிரிக்கர் கலையில் மரபடையாளம்

முன்னுரை

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழித்தோன்றல்கள், இருபதாம் நூற்றாண்டில் தம் மரபின் சின்னங்களுள் ஒன்றாக முகமூடியைத் தெரிந்துகொண்டனர். இந்தியாவில் வாழும் ஆப்பிரிக்க வழியினரான சித்தி மக்களின் கலையில் முகமூடி அத்தகைய இடத்தைப் பெறவில்லை. அதனால் அவர்தம் மரபு அற்றுப்போயிற்று எனக் கொள்ளலாமா என்பதே இக்கட்டுரையின் வினா.

அமெரிக்காவில் முகமூடி

யொருபா மக்களின் கெலெடே விழாவில் ஆடவர் முகமூடி அணிந்தாடி, மூத்த பெண்களின் ஆற்றலைப் போற்றுகின்றனர். அங்கு உடை, இசை, ஆட்டம் ஆகியவற்றோடு சேர்ந்தே முகமூடி பொருள் தருகிறது. அடிமைமுறை இத்தகைய சடங்குச் சூழலிலிருந்து மக்களைப் பிரித்தது. 1925இல் வெளிவந்த ‘புதிய நீக்ரோ’ தொகுப்பில் அலெய்ன் லாக், மூதாதையர் கலையிலிருந்து கற்குமாறு கறுப்பினக் கலைஞர்களைத் தூண்டினார். லோயிஸ் மேலூ ஜோன்ஸ் 1938இல் பாரிசில் தீட்டிய ‘லே ஃபெட்டிஷ்’ ஓவியம் ஆப்பிரிக்க முகமூடிகளையே பாடுபொருளாக்கியது. அணிந்தாடப்பட்ட பொருள் இவ்வாறு காணப்படும் சின்னமாயிற்று.

சித்தியரின் போர்வை

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டச் சித்தியருள் பலர், போர்த்துகீசியரால் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டுப் பின்னர்க் காடுகளுக்குத் தப்பியோரின் வழியினர். இந்து, இசுலாம், கிறித்தவம் ஆகிய மூன்று சமயத்தாரும் இவர்களிடையே உள்ளனர். சித்திப் பெண்கள் பழந்துணிகளை ஒட்டி, ஓரத்திலிருந்து நடுநோக்கித் தைக்கும் போர்வை ‘கவந்தி’ எனப்படுகிறது. அதன் மூலைகளில் மடித்துத் தைக்கும் முக்கோணத் துணி, மலர் எனப் பொருள்படும் ‘பூலா’ ஆகும். அது இல்லாத போர்வையை அவர்கள் முழுமையுற்றதாகக் கருதுவதில்லை. சிலுவை, பிறை முதலிய வடிவங்கள் தைப்பவரின் சமயத்தைக் காட்டுகின்றன. கெலெடே முகமூடிகளை ஆராய்ந்த ஹென்றி ஜான் ட்ரூவல், பின்னர் இப்போர்வைகளையும் ஆராய்ந்தமை குறிப்பிடத்தக்கது.

எனினும் கந்தைத் துணிகளை இணைத்துத் தைக்கும் வழக்கம் தக்காணத்தின் பிற சமூகத்தாரிடமும் உண்டு. ஆகவே கவந்தியைத் தூய ஆப்பிரிக்க எச்சமெனக் கூறுதல் பொருந்தாது. வந்தேறிய நிலத்தின் தொழில்நுட்பத்தை ஏற்று, அதில் தமக்கெனச் சில விதிகளைச் சித்தியர் வகுத்துக்கொண்டனர் என்பதே ஏற்புடையது.

முடிவுரை

உத்தர கன்னடச் சித்தியர் 2003இல் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். ஒரு சமூகத்தின் தனித்தன்மையைப் பிறர் மதிப்பிடும்போது, எதனைச் சான்றாகக் கொள்வது என்பது வாழ்வுரிமையோடும் தொடர்புடையதாகிறது. முகமூடியை மட்டுமே ஆப்பிரிக்க மரபின் அளவுகோலாகக் கொண்டால், குழந்தையைக் கிடத்தவும் குளிருக்குப் போர்த்தவும் நாள்தோறும் பயன்படும் மரபு கண்ணுக்குப் புலப்படாது போகும். முகமூடி மரபை நினைவூட்டுகிறது. கவந்தி அதனைப் புழக்கத்தில் வைத்திருக்கிறது. புலம்பெயர்ந்தோர் கலையை ஆராய்வோர் இவ்விரண்டையும் ஒருங்கே கருதுதல் வேண்டும்.