42 மில்லிமீட்டர் மரை



வகுப்பில் என் பையைத் திறந்து பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "பி.காம் படிக்கிறவனுக்கு எதுக்குடா இந்தக் காயலான் கடை வேலை?" காரணம், பையில் கால்குலேட்டருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பழைய லென்ஸ் இருக்கும். பெயர் ஹீலியோஸ்-44-2. முன்பக்கம் ரஷ்ய எழுத்து, உடம்பெல்லாம் கீறல், கையில் எடுத்தால் கல் மாதிரி கனம். பழைய கேமராக்கள் விற்கும் ஒரு கடையில் பேரம் பேசி வாங்கியது. அதை இன்றைய கேமராவில் மாட்ட ஒரு அடாப்டரும் வாங்கினேன். "எல்லா கேமராவுக்கும் சேரும் தம்பி" என்றார் விற்றவர். நானும் நம்பினேன்.

நண்பனிடம் கேமராவை இரவல் வாங்கி, ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போய் மாட்டிப் பார்த்தேன். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த துணிக்கொடி கிளிப் அவ்வளவு துல்லியமாக வந்தது. தூரத்துத் தென்னை மரம் மட்டும் என்ன திருகினாலும் தெளியவில்லை. லென்ஸ் கெட்டுவிட்டது, காசு போச்சு என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, லென்ஸில் ஒரு குறையும் இல்லை, என் அறியாமைதான் குறை என்று. அதைத் தெரிந்துகொள்ளப் போய், ஒரு நூற்றாண்டு வரலாற்றுக்குள் விழுந்துவிட்டேன். அந்தக் கதைதான் இது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

கேமராவில் லென்ஸ் உட்காரும் வளையத்துக்கும் உள்ளே படம் பதியும் ஃபிலிம் அல்லது சென்சாருக்கும் இடையே ஒரு குறிப்பிட்ட தூரம் உண்டு. ஒவ்வொரு கம்பெனிக்கும் அது ஒவ்வொரு மாதிரி. என் ஹீலியோஸ் உட்காரும் எம்42 மவுண்ட்டுக்கு 45.46 மில்லிமீட்டர். கேனான் ஈ.எஃப். மவுண்ட்டுக்கு 44. நிக்கான் எஃப் மவுண்ட்டுக்கு 46.5.

லென்ஸ் தனக்கு விதிக்கப்பட்ட தூரத்தைவிடத் தள்ளி உட்கார்ந்தால், பக்கத்துப் பொருள் தெளிவாகத் தெரியும். தொலைவில் இருப்பது எப்போதும் மங்கல்தான். கேனான் 44, லென்ஸுக்குத் தேவை 45.46. மீதி 1.46 மில்லிமீட்டர். அந்த 1.46 கனத்தில் ஒரு தகடு செய்துவிட்டால் அதுதான் அடாப்டர். நிக்கானிலோ கேமராவே ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் தள்ளி நிற்கிறது; அடாப்டருக்கு இடமே கிடையாது. நடுவே ஒரு சின்னக் கண்ணாடி வைத்துச் சரிக்கட்டும் அடாப்டர்கள் உண்டு. ஆனால் அந்தக் கண்ணாடி படத்தின் தரத்தைக் கொஞ்சம் கெடுத்துவிடும். நண்பனின் கேமரா எந்த வகை என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும் :-)

ஜெனாவும் டிரெஸ்டனும்

ஜெர்மனியின் ஜெனா நகரில் 1846-இல் கார்ல் சைஸ் ஒரு சின்னப் பட்டறை தொடங்கினார். பிறகு எர்ன்ஸ்ட் அபே என்ற இயற்பியலாளர் சேர்ந்தார்; கண்ணாடி செய்வதை ஓட்டோ ஷோட் கவனித்தார். அதுவரை கைப்பழக்கத்தில் நடந்த லென்ஸ் வேலை, கணக்குப் போட்டுச் செய்யும் தொழிலானது. 1896-இல் சைஸ் கம்பெனியின் பால் ருடால்ஃப் 'பிளானார்' என்ற லென்ஸை வடிவமைத்தார். நடுவில் துவாரம், இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கண்ணாடிகள், மொத்தம் ஆறு.

வடிவம் அருமை, ஆனால் ஒரு தொல்லை. கண்ணாடி காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 முதல் 5 சதவீதம் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பிளானாரில் அப்படி எட்டுப் பரப்புகள். கூட்டிப் பாருங்கள், நஷ்டக் கணக்கு பெரிது. திரும்பிய ஒளி உள்ளுக்குள்ளேயே சுற்றிப் படத்தையும் வெளிறச் செய்யும். இதற்கு 1935-இல் வழி கண்டவர் அதே சைஸ் கம்பெனியின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா. கண்ணாடியின் மேல் மிக மெல்லிய பூச்சு பூசினால் இந்தப் பிரதிபலிப்பு குறையும் என்று காட்டினார். பழைய லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் நீலமாகவோ ஊதாவாகவோ மின்னுகிறதே, அது இதுதான்.

1936-இல் டிரெஸ்டன் நகரின் இகாகே கம்பெனி 'கினே எக்சாக்டா' என்ற 35 மி.மீ. எஸ்.எல்.ஆர். கேமராவைக் கொண்டுவந்தது. அதற்காக ஜெனாவில் வில்லி மெர்ட்டே வடிவமைத்தது பயோட்டார் 58 மி.மீ. எஃப்/2. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் பையில் இருப்பது இதன் பிள்ளை.

1945

பிப்ரவரி 1945-இல் நேச நாட்டு விமானங்கள் டிரெஸ்டனைக் குண்டு போட்டு எரித்தன. கேமராத் தொழிலின் தலைநகரம் சாம்பலானது. ஏப்ரலில் அமெரிக்கப் படை ஜெனாவுக்குள் நுழைந்தது. ஆனால் ஒப்பந்தப்படி அந்தப் பகுதி சோவியத் பங்கு. ஜூலையில் அமெரிக்கர்கள் வெளியேறியபோது, சைஸின் முக்கிய விஞ்ஞானிகளையும் நிர்வாகிகளையும் குடும்பத்தோடு மேற்கே கொண்டுபோயிருந்தார்கள். அவர்களை வைத்துத்தான் மேற்கு ஜெர்மனியின் ஓபர்கோகனில் இன்னொரு சைஸ் பிறந்தது.

சோவியத்துக்கு மிஞ்சியது தொழிற்சாலை. போர் இழப்பீடு என்று சொல்லி எந்திரங்களைக் கழற்றி ரயிலேற்றினார்கள். எந்திரம் மட்டும் போதவில்லை. 1946 அக்டோபர் 22 விடியற்காலையில் கதவுகள் தட்டப்பட்டன. சோவியத் பகுதி முழுவதிலும் ஒரே நாளில் 2,000-க்கும் மேற்பட்ட ஜெர்மன் நிபுணர்கள், மனைவி மக்களோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் ரயிலேற்றப்பட்டார்கள். ஜெனாக்காரர்களும் அதில் இருந்தார்கள். விருப்பம் யாரும் கேட்கவில்லை. பலர் ஊர் திரும்பியது 1950-களில்தான்.

இதன் விளைவாக, ஜெர்மன் காண்டாக்ஸ் கேமரா கியெவ் நகரில் 'கியெவ்' என்ற பெயரில் வெளிவரத் தொடங்கியது. மாஸ்கோ அருகே கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் பயோட்டாரின் வடிவம் முதலில் பி.டி.கே. என்ற பெயரில் சோதனையாகச் செய்யப்பட்டது. கடைசியில் 1958-இல் 'ஹீலியோஸ்-44' ஆனது. பின்னர் செனித் கேமராக்களோடு சேர்ந்து லட்சக்கணக்கில் உலகமெங்கும் போனது. செனித்-ஈ என்ற ஒரே மாடலை மட்டும் கிராஸ்னகோர்ஸ்கில் 30 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். நமக்கும் சோவியத்துக்கும் ரூபாயில் வியாபாரம் நடந்த காலத்தில் செனித் கேமராக்கள் இந்தியாவுக்கும் வந்தன. அப்படி வந்து ஏதோ ஒரு வீட்டுப் பரணில் கிடந்த ஒன்றுதான், எனக்குக் கிடைத்தது.

யார் வேண்டுமானாலும் வெட்டலாம்

இனி மரைக்கு வருவோம். இடிந்து கிடந்த டிரெஸ்டனில் 1949-இல் சைஸ் ஐகான் 'காண்டாக்ஸ் எஸ்' என்ற கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கண் மட்டத்தில் வைத்து, இடவலம் மாறாமல் நேராகப் பார்க்க உதவும் ஐங்கோணப் பட்டகம் வைத்த முதல் சில கேமராக்களில் அதுவும் ஒன்று. லென்ஸைப் பொருத்த அதில் இருந்தது வெறும் திருகு மரை. விட்டம் 42 மி.மீ., மரைக்கு மரை 1 மி.மீ. எம்42 என்ற பெயர் அதனால் வந்தது. அதே ஆண்டு அதே ஊரின் பிராக்டிகா கேமராவும் இதே மரையோடு வந்தது.

ரகசியம் ஒன்றும் இல்லாத சமாச்சாரம். லேத் பட்டறை வைத்திருப்பவர் யாரும் இதை வெட்டலாம். ஜப்பானில் அசாஹி கம்பெனி 1957-இல் தன் பென்டாக்ஸ் கேமராவுக்கு இதையே எடுத்துக்கொண்டது. அந்த 'பென்டாக்ஸ்' என்ற பெயரே டிரெஸ்டனில் பதிவாகியிருந்து, அசாஹி வாங்கிக்கொண்டதுதான். பிறகு யாஷிகா, ஃபூஜிக்கா, மாமியா, சினோன், ரிக்கோ, சோவியத்தின் செனித் என்று எல்லோரும் வந்தார்கள். பனிப்போரில் எதிரெதிராக நின்ற நாடுகள் ஒரே மரையில் லென்ஸ் செய்தன. மாஸ்கோ லென்ஸை டோக்கியோ கேமராவில் திருகலாம்!

மரை இப்படி எல்லோருக்கும் பொதுவாக இருந்த அதே காலத்தில், பெயருக்கு மட்டும் இரண்டு சைஸ்களும் நீதிமன்றங்களில் மோதிக்கொண்டிருந்தன. கிழக்கின் ஜெனா, மேற்கு நாடுகளில் விற்கும் லென்ஸில் 'கார்ல் சைஸ்' என்று போட முடியாமல் 'ஆஸ் ஜெனா' (ஜெனாவிலிருந்து) என்று போட்டது. பயோட்டாருக்கு 'பி', டெஸ்ஸாருக்கு 'டி' என்று ஒற்றை எழுத்தோடு நிறுத்திக்கொண்டது. 1971-இல் லண்டனில் உடன்பாடு ஆகும்வரை இந்த இழுபறி. நாம் அக்கவுன்டன்சியில் 'நற்பெயர்' என்று ஒரு கணக்கு எழுதுகிறோமே, கண்ணுக்குத் தெரியாத சொத்து என்று? எந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போகலாம், ஆளையும் கொண்டு போகலாம், ஆனால் அந்தச் சொத்தைப் பங்கு பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இந்த லென்ஸ்கள்தான் சொல்லிக்கொடுத்தன.

அனாதையான லென்ஸ்கள்

திருகிக் கழற்ற நேரமாகும் என்பது மரையின் பெரிய குறை. லென்ஸின் துவார அளவைக் கேமராவுக்குத் தெரிவிப்பதும் சிக்கல், ஏனென்றால் திருகு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்காது. நிக்கான் 1959-லேயே கால் திருப்பில் பூட்டிக்கொள்ளும் மவுண்ட்டோடு வந்துவிட்டது. பென்டாக்ஸும் 1975-இல் மரையைக் கைவிட்டது. ஆனால் அதே 45.46 தூரத்தை வைத்துக்கொண்டு, வாயை மட்டும் அகலமாக்கியது. பழைய வாடிக்கையாளர் ஒரு வளையம் போட்டு அதே லென்ஸைப் பயன்படுத்தலாம்.

கேனான் செய்தது வேறு. 1987-இல் ஆட்டோ ஃபோகஸுக்காக ஈ.எஃப். மவுண்ட்டைக் கொண்டுவந்து, அதுவரை விற்ற எஃப்.டி. லென்ஸ்களை அப்படியே விட்டுவிட்டது. எஃப்.டி.யின் தூரம் 42, புதியதன் தூரம் 44. வேடிக்கையைப் பாருங்கள். கேனான் கேமராவில் சோவியத் லென்ஸ் சேரும், ஜெர்மன் லென்ஸ் சேரும், நிக்கான் லென்ஸ்கூடச் சேரும். கேனானின் சொந்தப் பழைய லென்ஸ் மட்டும் சேராது. அன்றைக்குக் காசு போட்டவர்கள் கொதித்தார்கள். வியாபாரக் கணக்கில் கேனான் ஜெயித்துவிட்டது என்பதும் உண்மை.

டிரெஸ்டனின் கதை அப்படி முடியவில்லை. 1990 அக்டோபரில், இரு ஜெர்மனிகளும் இணைந்த நேரத்தில், பிராக்டிகா செய்த பென்டகான் கம்பெனியை மூடுவது என்று முடிவானது. குண்டுக்குப் பிறகும் எழுந்து நின்ற தொழில், சந்தையின் முன் நிற்கவில்லை. மரை வெட்டிய கைகள் வேலை இழந்தன. லென்ஸ்கள் பழைய சாமான் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தன.

மறுபடி உயிர் வந்தது

2003-இல் கேனான் 300டி வந்ததும் சாதாரண ஆட்களும் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வாங்க முடிந்தது. கேமரா வாங்கியவர்களுக்கு லென்ஸ் வாங்கக் கையில் காசில்லை. அப்போதுதான் அந்த 1.46 மி.மீ. தகட்டுக்கு மவுசு வந்தது. 2008-க்குப் பிறகு கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்தன. சோனி ஈ மவுண்ட்டின் தூரம் வெறும் 18 மி.மீ. என்பதால் அனேகமாக எந்த எஸ்.எல்.ஆர். லென்ஸும் மாட்டலாம். கேனான் எஃப்.டி.க்கும் விமோசனம் கிடைத்தது.

ஹீலியோஸில் எடுத்த படத்தின் பின்னணி சுழல் மாதிரி சுற்றித் தெரியும். வடிவமைத்தவர்கள் கணக்கில் அது ஒரு பிழை. இன்று அந்தப் பிழைக்காகத்தான் தேடி வாங்குகிறார்கள்!

வாங்கப் போகிறவர்களுக்கு

- முதலில் உங்கள் கேமராவின் தூரத்தைப் பாருங்கள். என்னைப் போல் ஏமாறாதீர்கள்.
- லென்ஸின் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இருந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் இது அதிகம். தூசி பரவாயில்லை, பூஞ்சை வேண்டாம்.
- துவாரத்தின் தகடுகளில் எண்ணெய் இருக்கிறதா, சட்டென்று திறந்து மூடுகிறதா என்று பாருங்கள்.
- பழைய டாக்குமர் 50 மி.மீ. எஃப்/1.4-இல் ஏழு கண்ணாடி கொண்டவை மஞ்சளாக இருக்கலாம். அந்தக் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது, லேசான கதிரியக்கம் உண்டு. சில வாரம் வெயிலிலோ புற ஊதா விளக்கிலோ வைத்தால் மஞ்சள் குறையும். கண்ணாடியைப் பிரித்து உரசாதீர்கள்.
- முழு ஃபிரேம் எஸ்.எல்.ஆர்.-இல் சில லென்ஸ்களின் பின்பகுதி உள்ளே இருக்கும் கண்ணாடியில் இடிக்கும். முதல் முறை மெதுவாகத் திருகுங்கள்.

கடைசியாக ஒன்று. சரியான கேமரா கிடைத்த பிறகு அதே மொட்டை மாடிக்குப் போனேன். தென்னை மரம் கீற்றுக் கீற்றாகத் தெரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் லென்ஸைக் கழற்றித் துடைக்கும்போது அதன் முகப்பைப் படித்தேன். தொழிற்சாலை முத்திரை இருக்கிறது, வரிசை எண் இருக்கிறது. மெர்ட்டேயின் பெயர் இல்லை. 1946-இல் விடியற்காலையில் கதவு தட்டப்பட்டு ரயிலேறிய யாருடைய பெயரும் இல்லை. பழைய லென்ஸ் மலிவு என்று நாம் சொல்கிறோம். அதற்கான விலையை வேறு யாரோ முன்பே கொடுத்துவிட்டார்கள். அடுத்த முறை என் பையைப் பார்த்துக் காயலான் கடை என்று சொல்லும் நண்பனுக்கு, இதைத்தான் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய கேமரா ஏதாவது கிடக்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை லென்ஸைத் திருகிப் பாருங்கள்.