கூரையே மின்சாரம் தருமா?



சோழவரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஏரி ஞாபகம் வரும். கொஞ்சம் வயதானவர்களுக்கு, உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த மோட்டார் பந்தயம் ஞாபகம் வரும். ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்த உங்களுக்கு வெயில்தான் ஞாபகம் வரும். சித்திரை, வைகாசியில் ஏரித் தண்ணீரைக் குடிப்பதும் அந்த வெயில்தான். செங்குன்றம் அரிசி ஆலைக் களத்தில் புழுங்கல் நெல்லைக் காய வைத்துக் கொடுத்ததும் அந்த வெயில்தான். அந்த வெயிலை வைத்து இப்போது ஒரு கேள்வி கிளம்பியிருக்கிறது. புது வீடு கட்டுகிறவர்கள் கேட்கிறாங்க: "ஐயா, மொட்டை மாடி மேலே தகடு வைக்கிறது ஒரு வழி. தகட்டையே கூரையாப் போட்டுடலாம், ஓடும் வேண்டாம் தளமும் வேண்டாம்னு சொல்றாங்களே, அதைச் செய்யலாமா?"

நல்ல கேள்விதான். ஆனால் இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. கூரை என்பது ஒரு தடவை போட்டால் மகன் காலம் வரைக்கும் நிற்க வேண்டிய சங்கதி. ஆகவே இந்தக் கூரை எங்கே பிறந்தது, யார் யார் போட்டுப் பார்த்தார்கள், என்ன ஆயிற்று என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

நம் பக்கத்துக் கூரையின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். பனை ஓலையும் வைக்கோலும் வேய்ந்தோம். வெயிலுக்கு அதைப் போலக் குளிர்ச்சி வேறு இல்லை; ஆனால் ஒரு பொறி விழுந்தால் தெருவே போச்சு. வசதி உள்ளவர்கள் நாட்டு ஓடு போட்டார்கள். 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் சீமை ஓடு ஊர் ஊராகப் பரவிற்று. பெரிய வீடுகளில் தேக்கு விட்டத்தின் மேல் சிறு செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தில் மெட்ராஸ் தளம் போட்டார்கள். பிறகு சிமெண்ட் ஷீட் வந்தது, கம்பி கட்டிய கான்கிரீட் தளம் வந்தது. 2010-ல் தமிழக அரசு குடிசைகளை எல்லாம் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கிய பின், கிராமத்தில் வீடு என்றாலே தட்டையான தளம் என்று ஆகிவிட்டது. இதை மனசில் வைத்துக் கொள்ளுங்கள். நம் கேள்விக்கு விடையில் பாதி இதில்தான் இருக்கிறது.

இனி வெயிலுக்கு வருவோம். வெளிச்சம் பட்டால் மின்சாரம் உண்டாகும் என்பதை 1839-ல் பிரான்சு தேசத்து எட்மண்ட் பெக்கரல் கண்டார். அப்போது அவருக்கு வயது 19. அமெரிக்காவில் சார்லஸ் ஃப்ரிட்ஸ் என்பவர் 1883-ல் செலீனியம் என்ற பொருளைத் தகடாக்கி அதன் மேல் மெல்லிய தங்கப் பூச்சுப் பூசி மின்சாரம் எடுத்தார். வந்து விழுந்த வெயிலில் நூற்றுக்கு ஒரு பங்குதான் மின்சாரம் ஆயிற்று. தங்கம் பூசி ஒரு பங்கு எடுத்தால் கட்டுபடியாகுமா? ஆகவில்லை. 1954-ல் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் சிலிக்கன் தகட்டைச் செய்தார்கள். நூற்றுக்கு ஆறு பங்கு கிடைத்தது. சிலிக்கன் என்பது மணலில் இருந்து எடுக்கிற பொருள்தான். ஆனால் மணலை அந்தச் சுத்தத்துக்குக் கொண்டுவர ஆன செலவு கொஞ்சமல்ல. 1958-ல் வானத்தில் விட்ட வான்கார்டு என்ற செயற்கைக் கோளுக்குத்தான் அதை வைக்க முடிந்தது. வீட்டுக்காரன் கிட்டேகூடப் போக முடியாத விலை.

1973-ல் அரபு நாடுகள் பெட்ரோலை இறுக்கிப் பிடித்தன. உலகமே திரும்பி வெயிலைப் பார்த்தது அப்போதுதான். அதே 1973-ல் அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் கார்ல் போயர் என்ற விஞ்ஞானி 'சோலார் ஒன்' என்று ஒரு வீட்டைக் கட்டினார். தகட்டைக் கூரைக்கு மேலே தனியாக வைக்காமல், கூரையோடு கூரையாக வைத்துக் கட்டிய முதல் வீடுகளில் அது ஒன்று. அந்த மனிதர் செய்த காரியத்தில் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். தகட்டுக்கு அடியில் காற்று ஓட வழி விட்டார். தகடு சூடாகும்போது அந்தச் சூட்டைக் காற்றால் வாங்கி, குளிர் காலத்தில் வீட்டைக் கதகதப்பாக வைக்கப் பயன்படுத்தினார். அங்கே குளிர், சூடு வேண்டும். நமக்கு அந்தச் சூட்டை என்ன செய்ய? அவர் பயன்படுத்திய காட்மியம் சல்பைடு வகைத் தகடும் நீண்ட நாள் தாங்கும் வகை அல்ல; பிறகு சிலிக்கன்தான் நிலைத்தது. 1980-களின் தொடக்கத்தில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கார்லைல் என்ற ஊரில் ஏழு கிலோவாட்டுக்கு மேல் திறனுள்ள கூரையோடு ஒரு வீடு எழுந்தது. மிஞ்சிய மின்சாரத்தை அந்த வீடு கம்பிக்கே திருப்பிக் கொடுத்தது.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. மத்திய அரசின் சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977-ல் நம் நாட்டுச் சூரிய மின்கலத்தையும் 1978-ல் தகட்டையும் செய்து காட்டியது. அந்நாளில் ஒரு வாட் தகட்டின் விலை உலகச் சந்தையில் பல டாலர். இன்று ஒரு டாலருக்கும் கீழே எவ்வளவோ இறங்கிவிட்டது. தகடு மலிந்துவிட்டது, வாஸ்தவம். ஆனால் மலிந்தது தனித் தகடுதான். கூரை ஓடாகச் செய்த தகடு அந்த அளவுக்கு மலியவில்லை.

அந்த ஓட்டின் கதையையும் கேளுங்கள். அமெரிக்காவின் டவ் கெமிக்கல் என்ற பெரிய கம்பெனி 2009-ல் சூரிய ஓடு விற்கப் போவதாக அறிவித்தது. 2016-ல் கடையைக் கட்டியது. அதே 2016 அக்டோபரில் கார் செய்கிற டெஸ்லா கம்பெனி, பார்ப்பதற்குச் சாதாரண ஓடு மாதிரியே இருக்கும் சூரியக் கூரையைக் காட்டிற்று. பார்த்தவர்கள் அசந்து போனார்கள். 2021-ல் ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருந்தவர்களிடமே விலையைக் கூட்டிக் கேட்டது. வழக்குப் போட்ட பிறகு பழைய ஒப்பந்தக்காரர்களுக்குப் பழைய விலை என்று இறங்கி வந்தது. பெரிய முதலாளிகள் பாடே இப்படி. கம்பெனி போய்விட்டால், புயலில் உடைந்த நாலு ஓட்டுக்கு மாற்று ஓடு எங்கே தேடுவது? சீமை ஓடு உடைந்தால் பக்கத்து ஊரில் பழைய வீடு பிரிக்கிற இடத்தில் வாங்கி வந்து மாட்டுவோம். இது அப்படிக் கிடைக்கிற சரக்கா, சொல்லுங்கள்.

நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய அனுபவம் இருக்கிறது. 2011-ல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில், ஐந்து ஆண்டில் மூன்று லட்சம் வீடு என்று இலக்கு வைத்தார்கள். ஒவ்வொன்றும் 300 சதுர அடி. தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய், அதில் 30 ஆயிரம் சூரிய விளக்குக்கு. ஐந்து விளக்கு எரியும். அங்கே தகடு கூரையில் பதிக்கப்படவில்லை. கான்கிரீட் தளம் தனி, அதன் மேல் தகடு தனி. எனக்கு இது மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடாகத் தோன்றுகிறது. தகடு கெட்டால் தகட்டைக் கழற்றலாம், வீடு ஒழுகாது. அந்த ஏற்பாட்டில் பலவீனமான உறுப்பு பாட்டரிதான். டிராக்டர் பாட்டரி எத்தனை வருஷம் வருகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு கிலோவாட் தகடு நம் வெயிலில் சராசரியாக நாளொன்றுக்கு நாலு யூனிட் கொடுக்கும். அதற்கு ஏறக்குறைய நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். மூன்று கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு எழுநூறு யூனிட் சொச்சம். ஆனால் 2016 முதல் நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இருநூறு யூனிட் எரிக்கிற வீட்டுக்குக் கட்டணம் சொற்பந்தான். அந்தச் சொற்பத்தை மிச்சம் பிடிக்க லட்சக்கணக்கில் கூரை போட வேண்டுமா? ஏ.சி., ஃபிரிட்ஜ், மாவு மெஷின் என்று ஐந்நூறு யூனிட்டைத் தாண்டுகிற வீட்டுக்குக் கதை வேறு. அங்கே மேல்படிக் கட்டணம் எகிறும், தகடு போட்ட பணம் திரும்பும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய 'பிரதமர் சூரிய வீடு' திட்டத்தில், முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், மூன்றாவதற்கு 18 ஆயிரம், ஆக 78 ஆயிரம் ரூபாய் வரை மானியம் என்று அறிவித்தார்கள். உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று தெரிய, கடைசி ஆறு ஈ.பி. பில்லை எடுத்து வைத்துக் கூட்டிப் பாருங்கள். விற்க வந்தவர் சொல்லும் யூனிட் கணக்கை விட அந்தக் கணக்கு நம்பகமானது.

கரண்டு போனாலும் வீட்டில் விளக்கு எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கம்பியோடு இணைத்த தகடு, கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேன் உயிருக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். பாட்டரி தனியாக வைத்தால்தான் அந்த நேரத்தில் வெளிச்சம்.

சூடு இன்னொரு சங்கதி. தகட்டுக்கு வெயில் வேண்டும், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்றுக் குறைவாக மின்சாரம் குறைகிறது. நம் ஊர் உச்சி வெயிலில் தகடு அறுபது, அறுபத்தைந்து டிகிரிக்குப் போகும். கால் வைத்து நிறுத்திய தகட்டுக்கு அடியில் காற்று புகுந்து ஓடும். கூரையோடு ஒட்டிய தகட்டுக்கு அந்தக் காற்று இல்லை. இன்னும் பத்து டிகிரி ஏறினால் இன்னும் நாலு பங்கு போச்சு. அந்தச் சூடு வீட்டுக்குள்ளேயும் இறங்கும். போயர் அடியில் வழி விட்டார் என்று சொன்னேனே, அது இதற்கும் சேர்த்துத்தான். ஜி.என்.டி. ரோடு ஓரத்துக்காரர்களுக்கு லாரிப் புழுதியும் உமிச் சாம்பலும் வேறு. வாரம் ஒரு தடவை தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் தகடு மங்கிவிடும். மொட்டை மாடியில் ஏறிக் கழுவலாம். சாய்ந்த கண்ணாடிக் கூரையில் யார் ஏறுவது?

அந்த மொட்டை மாடியில்தானே வற்றல் காய்கிறது, மிளகாய் காய்கிறது, கோடையில் பிள்ளைகள் படுக்கின்றன! ஏழடி உயரத்தில் கம்பிச் சட்டம் நிறுத்தித் தகடு வைத்தால் அடியில் நிழலும் ஆயிற்று, தளத்தின் சூடும் குறைந்தது. ஆனால் சட்டத்தைத் தளத்தோடு பலமாகப் பிணைக்க வேண்டும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னை அருகே கரை ஏறியபோது மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிக் காற்று அடித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அப்படியானால் கூரையே தகடாக இருப்பது யாருக்குப் பொருந்தும்? தளம் போட்ட வீட்டுக்குப் பொருந்தாது. நல்ல தளத்தை இடித்துவிட்டு இதைப் போடுவது வீண் செலவு. புதிதாகச் சாய்ப்பு இறக்குகிறவர்களுக்குப் பொருந்தலாம். மாட்டுக் கொட்டகை, நெல் குடோன், வண்டி நிறுத்தும் சாய்ப்பு இவற்றுக்கு எப்படியும் ஷீட் வாங்கத்தான் போகிறீர்கள். அந்த ஷீட் காசு மிச்சம், கீழே சுவர் திறந்திருப்பதால் காற்றும் ஓடும். இரண்டு சொட்டு ஒழுகினாலும் மாடு கோபித்துக்கொள்ளாது. சாய்ப்பு தெற்குப் பார்த்து இறங்க வேண்டும்; நம் பக்கத்துக்குப் பதின்மூன்று டிகிரிச் சரிவு போதும். வேப்ப மரமோ தென்னையோ மத்தியானத்தில் நிழல் போடுகிறதா என்று தை மாதத்தில் ஒரு தடவை, ஆடியில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் இடம் குறிக்க வேண்டும். போடுவது என்று தீர்மானித்தால், தகட்டுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்பதோடு விட்டுவிடாமல், இன்வெர்ட்டருக்கு எத்தனை வருஷம், ஒழுகினால் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். அதே அளவில் ஐந்தாறு தகடு கூடுதலாகக் கேட்டு வாங்கி, வைக்கோல் போருக்கு எட்டாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.