பழைய அலமாரியும் சாக் பெயிண்டும் - மலிவின் வரலாறு

சாக் பெயிண்ட் என்றதும் பலருக்கும் வகுப்பறைக் கரும்பலகைதான் நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! எழுதி அழிப்பதற்காகச் சுவரில் பூசும் பெயிண்ட் வேறு. சாக் பெயிண்ட் என்பது காய்ந்த பிறகு பளபளப்பு துளியும் இல்லாமல், சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி மங்கலாகவும் மென்மையாகவும் தெரிகிற ஒரு பெயிண்ட். இங்கிலாந்தைச் சேர்ந்த ஆனி ஸ்லோன் என்ற ஓவியர் 1990ல் இந்தப் பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தார். சமையலறையில் சுவரோடு பதித்த பழைய அலமாரிகளைக் குறைந்த செலவில் புதுசாக்க நினைக்கும் ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் இன்று முதலில் விசாரிக்கும் பொருட்களில் இதுவும் ஒன்று.

பெயர் புதுசு. ஆனால் சங்கதி மிகப் பழசு. அந்தப் பழைய கதையைப் பார்த்தால் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. மலிவு, மலிவு என்கிறோமே, அந்த மலிவுக்கான செலவை யார் ஏற்கிறார்கள்?

ஏன் அலமாரிக்குப் பெயிண்ட்?

நாற்காலி பிடிக்கவில்லை என்றால் விற்றுவிடலாம். கட்டிலை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். சுவரோடு பதித்த அலமாரியை அப்படிச் செய்ய முடியாது. அதைப் பெயர்த்தால் சுவர் உடையும், பூச்சு வேலை வரும், தச்சர் கூலி வரும். வணிகவியல் பாடத்தில் "மூழ்கிய செலவு" என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. போட்ட பணம் சுவருக்குள் போய்விட்டது, இனி அது திரும்பி வராது! அதனால் வசதி குறைந்தவர்கள் கையில் இருந்த ஒரே வழி, மேலே நிறம் மாற்றுவது.

அந்தக் காலத்து சாக் பெயிண்ட்

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக மூன்று மலிவான பூச்சுகள் இருந்தன. ஒன்று, நம் ஊரில் பொங்கலுக்கு அடிக்கிற மாதிரியான நீற்றுச் சுண்ணாம்பு. இரண்டாவது, பாலில் இருந்து எடுக்கும் கேசீன் என்ற புரதத்தைச் சுண்ணாம்போடும் நிறப்பொடியோடும் கலந்த பால் பெயிண்ட். மூன்றாவதுதான் முக்கியம்: டிஸ்டெம்பர்.

நம் வீட்டுச் சுவர்களில் அடிக்கும் டிஸ்டெம்பர் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். பழைய டிஸ்டெம்பரில் இருந்தவை அரைத்த சாக், தண்ணீர், மிருகத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை, கொஞ்சம் நிறப்பொடி. அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் நிஜமான சாக் பெயிண்ட் இதுதான்!

விலை குறைவு, அழகும் உண்டு. ஆனால் ஈரம் பட்டால் கரைந்துவிடும், தேய்த்தால் கையில் ஒட்டும். மறுபடி பூச வேண்டும் என்றால் பழைய பூச்சை முழுக்கக் கழுவி எடுக்க வேண்டும். பொருளில் மிச்சமான காசு உழைப்பில் போனது. அந்த உழைப்பை யாரும் கணக்கில் எழுதவில்லை.

டப்பாவில் வந்த வசதி, கூடவே வந்த விஷம்

மரத்துக்கு உறுதியான பூச்சு வேண்டும் என்றவர்கள் ஆளி விதை எண்ணெயில் கலந்த பெயிண்டை நாடினார்கள். அதில் வெண்மைக்காகச் சேர்த்தது வெள்ளை ஈயம். நன்றாக மறைக்கும், நீடித்து நிற்கும், கழுவினாலும் போகாது. ஆரம்பத்தில் பெயிண்டர்கள்தான் அதை எண்ணெயில் குழைத்துக் கலந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழிற்சாலையிலேயே கலந்த பெயிண்ட் வந்தது. ஷெர்வின் வில்லியம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹென்றி ஷெர்வின், திறந்து மூடக்கூடிய பெயிண்ட் டப்பாவுக்கு 1877ல் காப்புரிமை பெற்றார். மிச்சப் பெயிண்டை மூடி வைத்து அடுத்த மாதம் பயன்படுத்தலாம். வீட்டுக்காரரே தூரிகை எடுக்கும் காலம் பிறந்தது.

அந்த டப்பாக்கள் பலவற்றுக்குள் ஈயமும் இருந்தது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் கண் மருத்துவராக இருந்த லாக்ஹார்ட் கிப்சன், குழந்தைகளுக்கு வந்த ஈய நஞ்சுக்கு வீட்டில் அடித்த பெயிண்ட்தான் காரணம் என்று 1904லேயே எழுதினார். 1921ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வெள்ளை ஈயப் பெயிண்டைக் கட்டுப்படுத்த ஓர் உடன்படிக்கையே கொண்டு வந்தது. அப்படியும் அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978ல்! இந்தியாவில் ஈய அளவை 90 பிபிஎம்முக்குள் கட்டுப்படுத்தும் விதிகள் 2016ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. நீடித்த பூச்சுக்கான விலையைப் பெயிண்டர்களின் உடம்பும் குழந்தைகளின் மூளையும் கொடுத்திருக்கின்றன.

பிராங்க்பர்ட் சமையலறை

பதித்த அலமாரிகளின் வரலாற்றில் மறக்க முடியாத ஆண்டு 1926. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் கடும் வீட்டுப் பஞ்சம். பிராங்க்பர்ட் நகர நிர்வாகம் கட்டிடக் கலைஞர் எர்ன்ஸ்ட் மே தலைமையில் குடியிருப்புகளைக் கட்டியது. அவற்றுக்குச் சமையலறை வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற இளம் பெண்.

மேலாண்மைப் பாடத்தில் வரும் டெய்லரின் அறிவியல் முறையை அவர் சமையலறைக்குள் கொண்டு வந்தார். எத்தனை அடி நடக்க வேண்டும், எதை எங்கே வைத்தால் நேரம் மிச்சம் என்று கணக்கிட்டு, சுமார் 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உள்ள அறைக்குள் எல்லாவற்றையும் அடக்கினார். அலமாரிகள் சுவரோடு பதிக்கப்பட்டன. அரிசி போன்றவற்றுக்குத் தனித்தனி அலுமினிய இழுப்பறைகள். அலமாரிகளுக்கு நீலம் கலந்த பச்சை நிறம். ஏன் தெரியுமா? அந்த நிறத்தில் ஈ உட்காராது என்று அன்று நம்பினார்கள்!

சுமார் 10,000 வீடுகளில் இந்தச் சமையலறை வந்தது. வாடகைக்கு இருந்தவர்கள் மொத்தமாகப் பணம் கட்ட வேண்டியதில்லை, அதன் செலவு வாடகையோடு சேர்க்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அந்த அறை, பெண்ணைத் தனியாக அடைத்துவிட்டது என்ற விமர்சனம் பின்னாளில் எழுந்தது. நேரம் மிச்சமானது, வேலை என்னவோ அவள் தலையிலேயே இருந்தது. பிற்காலத்தில் பல வீடுகளில் இவற்றைப் பெயர்த்து எறிந்தார்கள். அப்படி எறியாமல் தப்பிய ஒன்றை 2010ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது!

1990: பழைய தோற்றம், புதிய பெயர்

இப்போது ஆனி ஸ்லோனிடம் திரும்பலாம். பழைய டிஸ்டெம்பரின் மங்கலான அழகு வேண்டும், ஆனால் கரையக் கூடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலையும், பிரைமர் அடிக்கும் வேலையும் பெரும்பாலும் இருக்கக் கூடாது. அவருடைய பெயிண்ட் விலைபோனதற்கு இந்த வசதிதான் காரணம். சாக் பெயிண்ட் என்ற பெயரையும் அவர் வணிகச் சின்னமாக்கிக்கொண்டார். பிறகு சந்தைக்கு வந்த போட்டி நிறுவனங்கள் "சாக் போன்ற பூச்சு" என்று சுற்றி வளைத்துப் பெயர் வைக்க வேண்டியதாயிற்று.

வீட்டிலேயே செய்பவர்களும் உண்டு. சாதாரண எமல்ஷன் பெயிண்டில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அல்லது சாக் பொடியைத் தண்ணீரில் குழைத்துச் சேர்ப்பார்கள். பழைய பெயிண்டர் தன் கையால் கலந்த வித்தை டப்பாவுக்குள் போய், வணிகச் சின்னமாகி, மறுபடி வீட்டு வாளிக்கே வந்துவிட்டது!

ஆனாலும் கணக்கு அவ்வளவு எளிதில்லை. சமையலறை அலமாரியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எந்தப் பெயிண்டும் பிடிக்காது, முதலில் நன்றாகக் கழுவியாக வேண்டும். பழைய மரத்தின் கறை மேலே ஊறி வந்தால் ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சு ஒரு கை அடிக்க வேண்டும். மேலே மெழுகு பூசாவிட்டால் அழுக்கு பிடிக்கும். அந்த மெழுகும் சூட்டுக்கும் தண்ணீருக்கும் தாங்காது, அதனால் அடுப்புக்கும் தொட்டிக்கும் பக்கத்தில் வார்னிஷ் தேவை. டப்பா விலையோடு இவற்றையும் கூட்டி, இரண்டு மூன்று நாள் உழைப்புக்கும் ஒரு கூலி போட்டுப் பார்த்தால்தான் உண்மையான அடக்கவிலை தெரியும். அப்படிப் பார்த்தாலும் புது அலமாரி செய்வதைவிடப் பெரும்பாலும் குறைவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஈயத் தடைக்கு முன் பெயிண்ட் அடித்த அலமாரி என்றால் உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பது ஆபத்து, தூசியில் ஈயம் பறக்கும். தேய்க்காமல் பூசுவது அங்கே நிஜமாகவே நன்மை. ஆனால் பழைய பூச்சு உரிந்து விழுந்துகொண்டிருந்தால் மேலே எதை அடித்தாலும் அது மூடி மறைப்பது மட்டுமே. பூசுவதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும்.

டிஸ்டெம்பர் காலத்தில் கழுவியவரின் கை, ஈயக் காலத்தில் குழந்தையின் உடம்பு, பிராங்க்பர்ட்டில் தனியாக நின்ற பெண், இன்று விடுமுறை நாளில் தூரிகை பிடிக்கும் வீட்டுக்காரர். மலிவுக்கு எப்போதும் யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார், ரசீதில்தான் அவர் பெயர் இருப்பதில்லை. இருப்பதைக் காப்பாற்றிப் பயன்படுத்துவது நல்ல சிக்கனம். அதன் செலவு தெரியாமல் இன்னொருவர் தலையில் விழாமல் பார்த்துக்கொண்டால் அது நேர்மையான சிக்கனமும் கூட!